பரந்தாமன் எழுதியது

பறவையின் படத்துக்குக் கீழே, 'வேப்பங்கிளையில் அமர்ந்திருக்கிறான்' என்று எழுதியிருந்தது.

பரந்தாமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மீண்டும் அணிந்து, மீண்டும் படித்தார். பிழை கண்ணில் இல்லை, தாளில்தான் இருந்தது. கிளையில் இருப்பது மாங்குயில். மஞ்சள் உடலும் கரிய சிறகும் உடைய பறவை, அஃறிணை, ஒன்றன்பால். 'அமர்ந்திருக்கிறது' என்பதே அதற்கு உரிய முடிபு. ஒரு மாணவன் இப்படி எழுதியிருந்தால், தமிழாசிரியராக இருந்த முப்பத்து மூன்று ஆண்டுகளில் அவர் என்ன செய்திருப்பார் என்பதை ஆம்பூரில் பலருடைய உள்ளங்கைகள் இன்றும் அறியும்.

அடுத்த தாளைப் புரட்டினார். கூகை. 'உறங்காதிருக்கிறான்.' இப்படியே போய், பன்னிரண்டாவது மீன்கொத்தி. 'நீரைப் பார்த்திருக்கிறாள்.' பன்னிரண்டு தாள்கள். பன்னிரண்டிலும் திணை வழு.

"இன்னா வாத்தியாரே, மூஞ்சி இப்பிடிப் போவுது?" என்றார் எதிரில் நின்ற ஜியாவுல்லா. "எழுதுனவன் செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆவுது. அவனப் பெஞ்சு மேல ஏத்த முடியாது."

"எழுதியவன் சாவான். பிழை சாகாது, ஜியா."

"அது செரி. எனக்குத் திணையும் தெரியாது, தினையும் தெரியாது."

அது பொய்யன்று. ஜியாவுல்லா அதே பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவர். இருவரும் ஒரே ஆண்டில் பணியில் சேர்ந்து, ஒரே நாளில் ஓய்வு பெற்றவர்கள். கரும்பலகையில் 'கிளி' என்று எழுத வேண்டிய இடத்தில் ஜியாவுல்லா 'கிழி' என்று எழுதுவார். அதன் அருகிலேயே சுண்ணக்கட்டியால் நான்கு கோடுகள் இழுப்பார். கிளி ஒன்று கழுத்தைச் சாய்த்து வகுப்பைப் பார்க்கும். பிள்ளைகள் எழுத்தை மறந்து கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டல், அடுத்த அறையில் புணர்ச்சி விதி நடத்திக்கொண்டிருக்கும் பரந்தாமனின் காதில் வந்து விழும். இன்றும், ஷூ கம்பெனிகளில் மேலாளராகிவிட்ட பழைய மாணவர்கள் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தி, "டிராயிங் சார்!" என்று ஜியாவுல்லாவின் கைகளைப் பற்றிக்கொள்வார்கள். உடன் நிற்கும் பரந்தாமனுக்கும் ஒரு வணக்கம் கிடைக்கும். அச்சத்தில் பிறந்த வணக்கம். அவருக்கு அது தெரியும்.

இப்போது இந்தப் படங்கள். பழைய தோல்மண்டி ஒன்றின் பங்களாவை இடித்தபோது சுவரலமாரிக்குள் ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. தம் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பித்தவர் என்பதால், அவ்வீட்டார் அதை ஜியாவுல்லாவிடம் கொடுத்துவிட்டார்கள். உள்ளே பதின்மூன்று பறவைகள். செப்புத் தகட்டில் ஊசியால் கோடு கீறி, மையூட்டி, ஈரத்தாளில் அழுத்தி அச்செடுத்து, பின்பு கையால் வண்ணம் தீட்டிய பழங்காலத்துப் படங்கள். தகட்டின் விளிம்பு அழுந்திய பள்ளம் ஒவ்வொரு பறவையையும் சுற்றி நான்கு புறமும் சிறு மதில்போல ஓடியது. வெளிறிய வண்ணங்களை ஜியாவுல்லா மூன்று மாதம் உழைத்து மீட்டிருந்தார். நாளை வேலூரில் கண்காட்சி.

அழைப்பிதழ் மேசைமேல் கிடந்தது. 'வண்ணங்களை மீட்டவர்: ஓவியர் ஜனாப் ஜியாவுல்லா.' பெரிய எழுத்து. அருகில் சிரித்த முகத்துடன் புகைப்படம். அடியில், அச்சகத்தின் முகவரிக்கு மேலே, எறும்பு ஊர்ந்தாற்போல ஒரு வரி: 'பிழைத்திருத்தம்: பரந்தமன்.' மிகக்கூடாத இடத்தில் ஒற்று மிகுந்திருந்தது. பெயரில் துணைக்கால் உதிர்ந்திருந்தது. வாழ்நாளில் அச்சில் ஏறிய முதல் பெயர்; அதுவும் முடமாய்.

"உன் ஒரு கால வெட்டிட்டானுங்க பிரஸ்ல," என்று ஜியாவுல்லா சிரித்தார். பிறகு, நண்பரின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "பேஜார் ஆவாத வாத்தியாரே. பதிமூணாவது தாளு இருக்குதுல்ல, அதுல கலரும் இல்ல, எழுத்தும் இல்ல. கீழ் வரிய நீயே எழுது. உன் பேரையும் போட்டுக்கோ. ரெண்டு காலோட நிக்கட்டும்."

பதின்மூன்றாவது தாளில் வெறுங்கோடுகள். நீரோரத்தில் ஒற்றைக்காலில் நின்றது ஒரு பறவை. கண் இருக்க வேண்டிய இடத்தில் காலியான வட்டம்.

"இது இன்னா பட்சி?"

"மடையான்."

"உன்னச் சொல்லிக்கிறியா, என்னச் சொல்றியா?"

"பறவையின் பெயரே அதுதான். 'ஆன்' என்று முடிவதனால் உயர்திணை என்று எண்ணிவிடாதே."

"நீ சொன்னா செரி. ஆறு மணிக்குக் கலர் பொட்டியோட வர்றேன். இங்கயே குந்தி முடிச்சிடலாம். கண்ணுக்குக் கடைசியா கருவேலம் பிசின் வெச்சாத்தான் உயிர் வரும்."

அவர் படியிறங்கிப் போனார். வெறுப்பதற்கு ஒரு காரணத்தைக்கூட விட்டுவைக்காமல் போகிறவனை என்ன செய்வது என்று பரந்தாமனுக்குத் தெரியவில்லை.

மணி மூன்றானது. சன்னல் கம்பிகளின் நிழல் தரையில் நீண்டு கிடந்தது. காற்றே இல்லை. ஆயினும் தோல் நாற்றம் வந்தது. சுண்ணாம்பும் கடுக்காயும் ஈரமுடியும் கலந்த, பிறந்தது முதல் முகர்ந்து முகர்ந்து மூக்கு மறந்தேவிட்ட ஊர் நாற்றம். இன்று மூக்கு அதை மறக்கவில்லை. அது சன்னல் வழியே வரவில்லை. மேசையிலிருந்து வந்தது.

தேநீர் கொண்டுவந்தாள் பூங்காவனம், அவர் மனைவி. இருபத்தைந்து ஆண்டுகள் கம்பெனியில் தோல் தரம் பிரித்தவள். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவியே, இன்ன தோல், இன்ன பக்குவம் என்று சொல்லிவிடுவாள். டம்ளரை வைத்தவள் ஒரு தாளின் ஓரத்தைத் தொட்டாள்; வெடுக்கென்று விரலை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"இன்னாங்க இது, பேப்பரா? பதம் போடாத பச்சைத் தோலு மாதிரி இருக்குது. சூடு கூட அடங்கல."

"வெயில் படுகிறது."

"நெழல்ல கெடக்கிற தாளுல வெயிலா? பாய்கிட்டயே திருப்பிக் குடுத்துடுங்க. அவருக்குப் பேரு வந்தா வந்துட்டுப் போவுது. உங்களுக்கு இன்னா எரியுது?"

"எனக்கு ஒன்றும் எரியவில்லை."

"ஆமா, எரியல. வயித்துமேல உளுந்தப் போட்டா வடை ஆயிடும்." சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். சற்று நேரத்தில் கிரைண்டர் ஓடத் தொடங்கிற்று.

பரந்தாமன் முதல் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்புறத்தில், அதே மையில், அதே கையெழுத்தில் ஒரு குறிப்பு.

'திணை மாற்றற்க.'

எதிர்மறை வியங்கோள். அப்பழுக்கற்ற வடிவம். இப்படி எழுதத் தெரிந்த ஒருவனுக்கு 'அமர்ந்திருக்கிறது' என்று எழுதத் தெரியாமலா போயிற்று? அந்தக் கேள்வி கைகட்டிக்கொண்டு அவர்முன் ஒரு கணம் நின்றது. அவர் அதை வெளியே அனுப்பினார். வெள்ளைக்காரனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த எவனோ ஒரு முன்ஷி. தன் பிழைக்குத் தானே காவல் இருக்கிறான். ஆனால் என்ன கையெழுத்து! முத்துக் கோத்தாற்போல் இருந்தது. செத்தவன்மீதும் அவருக்குப் பொறாமை வந்தது.

பிளேடின் முனையால் 'றான்' என்பதைச் சுரண்டினார். காகிதத் துகள் உதிரவில்லை. நகக்கண்ணில் உரியும் தோலைப்போல மெல்லிய சுருள் ஒன்று எழுந்தது. அதை ஊதித் தள்ளிவிட்டு, 'றது' என்று எழுதினார். கடைசி எழுத்தின் சுழியை முடித்தபோது, அறையில் ஏதோ ஒன்று நின்றுபோயிற்று. என்னவென்று தெரியவில்லை. நிற்கும்வரை, அது இருந்ததே தெரிந்திருக்கவில்லை.

இரண்டாவது தாள். மூன்றாவது. மூன்றாவதை முடித்த நேரத்தில் மின்சாரம் போயிற்று. விசிறி தளர்ந்து தளர்ந்து ஓய்ந்தது. பின்கட்டில் கிரைண்டர் ஓய்ந்தது. அப்போது அவருக்குக் கேட்டது.

மூச்சு.

மிக மெல்லிய, மிக அருகிலான மூச்சு, ஒருவருடையது அன்று, ஒரே பாயில் பலர் படுத்திருக்கும் அறையின் வாசலில் நின்றால் கேட்குமே, ஒன்று ஏறும்போது ஒன்று இறங்குகிற, ஒன்றோடொன்று பின்னிய மூச்சொலி. மேசையின்மேலிருந்து வந்தது. வகுப்பறையில் தலையை நிமிர்த்தாமலே பிள்ளைகளை எண்ணிப் பழகியவர் அவர். எண்ணினார். ஒன்பது.

எலியாக இருக்கலாம். பல்லியாக இருக்கலாம். நான்காவது தாளை எடுத்துத் திருத்தினார். எண்ணினார்.

எட்டு.

கையிலிருந்த பிளேடைக் கீழே வைத்தார். திருத்திய தாள்களையும் திருத்தாத தாள்களையும் அருகருகே பரப்பினார். ஜியாவுல்லாவின் திறமையெல்லாம் அந்தக் கண்களில்தான் இருந்தது. பார்த்தவரெல்லாம் வியந்த கண்கள் அவை. ஓரத்தில் ஈரம் மினுங்க, ஏதோ சொல்ல வாயெடுத்துத் தயங்கி நிற்பவர்களின் கண்கள். திருத்தாத எட்டிலும் அந்த ஈரம் இருந்தது. திருத்திய நான்கிலும் இல்லை. அங்கே இருந்தவை கரும்பொத்தான்கள். வட்டமான, வறண்ட, எதையும் பாராத பறவைக் கண்கள்.

அவருக்குப் புரிந்தது. முழுவதும் புரியாவிட்டாலும், போதுமான அளவு புரிந்தது. அந்த முன்ஷி பிழை செய்யவில்லை. அந்த ஒற்றை விகுதியைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் இத்தனை காலம் அங்கே அமர்ந்திருந்தார்கள். நிறுத்திவிடலாம். ஜியாவுல்லா வந்ததும் சொல்லிவிடலாம்.

நாளை வேலூரில் கூட்டம் இந்தக் கண்களின் முன்னால்தான் நிற்கும். "டிராயிங் சார்!" என்று கைகளைப் பற்றும்.

நான்கு சோடிப் பொத்தான்களை மறுபடியும் பார்த்தார். நெஞ்சுக்குள் குளிர்ச்சியாக ஏதோ இறங்கியது. நெடுநாளாகக் கிடைக்காத ஒன்று. மகிழ்ச்சி என்று அதற்குப் பெயர் சொல்ல அவர் நாணினார். ஆனால் கை ஐந்தாவது தாளை எடுத்தது.

ஏழு.

ஆறு.

இப்போது அவர் விரைவாக வேலை செய்தார். சுரண்டினார், ஊதினார், எழுதினார். மூச்சுகள் மெலிந்துகொண்டே வந்தன. மீந்தவை விரைந்தன, அஞ்சியவர்களின் மூச்சுப்போல மேலே மேலே ஏறின. விரல்நுனியில் தாள் துடித்தது. வியர்வை என்று தாமே சொல்லிக்கொண்டார். நான்கு. மூன்று. இரண்டு.

கடைசியாக மீன்கொத்தி மிஞ்சியது. 'நீரைப் பார்த்திருக்கிறாள்.'

அவள் நீரைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

பார்த்தது, என்று தம்மைத் திருத்திக்கொண்டார். அலகு சற்றே திறந்திருந்தது. முன்பு மூடியிருந்தது. பிளேடை வைத்தார். அழுத்தினார். எழுதினார்.

அமைதி.

இனிப் பதின்மூன்றாவது. மடையான். நல்ல வரியாக ஒன்று எழுத வேண்டும். அந்த முன்ஷியின் பன்னிரண்டையும் விஞ்ச வேண்டும். 'நீரோரத்தில்...' என்று மனத்துக்குள் தொடங்கினார். அது அவனுடைய வரிபோல இருந்தது. 'ஒற்றைக்காலில்...' அதுவும் அவனுடையது. கால் மணி நேரம் பேனாவை ஏந்தியபடி இருந்தார். ஒரு வரியும் அவருடையதாக வரவில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகள் பிறர் எழுதியதைத் திருத்திய கை. தானாக எழுத அதற்கு ஒன்றும் இல்லை.

வரி வேண்டாம். பெயர் போதும். நாளைக்கு நூறு பேர் பார்க்கும் இடத்தில், துணைக்காலோடு, முழுதாக நிற்கட்டும். பள்ளி மலரிலும் ஆண்டு விழா மடலிலும் எல்லாரும் போடுவதுபோல, அவருக்கு மட்டும் ஒருமுறைகூட வாய்க்காத அந்த முறையில், அழகாக, அழுத்தமாக எழுதினார்.

'பரந்தாமன் எழுதியது.'

முற்றுப்புள்ளி வைத்தார். சாய்ந்து அமர்ந்து பார்த்தார். முத்துக் கோத்தாற்போல்தான் இருந்தது.

பிறகு, பழக்கத்தால், பிழை தேடி இன்னொரு முறை படித்தார்.

பரந்தாமன்: எழுவாய். எழுதியது: பயனிலை. எழுதப்பட்ட பொருளைக் குறிக்கும் பெயர் அது. வழக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் கொள்வார்கள். வினைமுற்றாகவும் கொள்ளலாம். அது எழுதியது. கிளி கொத்தியது. மாடு மேய்ந்தது. பரந்தாமன் எழுதியது. இறந்தகாலம். ஒன்றன்பால்.

அஃறிணை.

பிளேடு. 'எழுதினார்' என்று மாற்ற வேண்டும். பிளேடு அதோ, தேநீர் டம்ளரின் அருகில். கையை நீட்டினார். கை நீளவில்லை. நீட்டுவதற்குக் கை என்று தனியே ஒன்று இல்லை. விலாவோடு ஒட்டி மடிந்திருந்தது. எழுந்து நிற்க முயன்றார். நின்றுகொண்டுதான் இருந்தார். ஒரு காலில். மற்றதைத் தேடினார். அது வயிற்றுக்குள் மடங்கிப் புதைந்திருந்தது.

பூங்காவனம் என்று கூப்பிட்டார்.

கூப்பிட்டது.

தொண்டையில் எழுத்து ஒன்றும் எழவில்லை. உயிரும் இல்லை, மெய்யும் இல்லை. நான்கு புறமும் மதில். தாழ்ந்த, வழவழப்பான, தகட்டின் விளிம்பு அழுந்திய மதில். மேலே, மிக உயரத்தில், வீட்டின் உத்தரம்.

மின்சாரம் வந்தது. கிரைண்டர் ஓடத் தொடங்கிற்று. தெருமுனையில் மாதனூர்க் கம்பெனிப் பேருந்து நின்று, வேலை முடிந்த பெண்களின் பேச்சை இறக்கிவிட்டுப் போயிற்று. மணி ஆறு. பரந்தாமன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

"வாத்தியாரு எங்கம்மா?" ஜியாவுல்லாவின் குரல்.

"இங்கதான் பாய் எழுதிக்கினு இருந்தாரு. செருப்பு கூட வாசல்ல கெடக்குது. டீயும் ஆறிக் கெடக்குது."

"வெறுங்காலோட எங்கியோ போய்ட்டாரா? வரட்டும், வரட்டும்." நாற்காலி இழுபட்டது. பரந்தாமனின் நாற்காலி. அதில் ஜியாவுல்லா அமர்ந்தார். தாள்கள் ஒவ்வொன்றாகப் புரண்டன. "இன்னாம்மா இது... கண்ணெல்லாம் செத்துப் போச்சே." பெருமூச்சு விட்டார். "செரி, என் கைதான் எங்கியோ தப்பு பண்ணியிருக்கும். வாத்தியாரு கை பட்டா தப்பு வராது."

அதைக்கூட அவர் தம்மேல் போட்டுக்கொண்டார். அதைக்கூட.

பிறகு அந்த முகம் மேலே வந்தது. வானம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, அழைப்பிதழில் உள்ள அதே சிரிப்போடு.

"பரந்தாமன் எழுதியது. அட, ரெண்டு காலோட நிக்குது பாரு பேரு!" கண்களைச் சுருக்கினார். "கண்ண சுத்தி இந்த வளையம் மத்தியானம் இருந்துதா? நம்ம வாத்தியாரு கண்ணாடி மாதிரியே இருக்குது. வந்து பாரும்மா."

பூங்காவனம் வந்தாள். சிரித்துக்கொண்டே குனிந்தாள். மாவு காயாத கட்டைவிரலால், பழக்கதோஷத்தில், தாளின் ஓரத்தைத் தடவினாள். விரல் நின்றது. மீண்டும் தடவினாள், மெதுவாக. சிரிப்பு அவள் முகத்திலிருந்து இறங்கிப் போயிற்று.

"பாய்," என்றாள். "இந்தத் தோலு எனக்குத் தெரியும்."

"பேப்பரும்மா அது," என்றார் ஜியாவுல்லா. தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கினார். முதலில் முதுகுக்குப் பழுப்பு. பரந்தாமனின் பழைய சட்டையின் பழுப்பு. நெஞ்சுக்கு வெளிர்க்கோடுகள். காலுக்கு மங்கிய மஞ்சள். ஈரம் பட்ட இடமெல்லாம் சில்லிட்டு, பின் இறுகியது. ஒரு கோடு பிசகவில்லை. ஒரு சொட்டு வழியவில்லை. அழகாகத்தான் தீட்டினார். வேறு யாராலும் அவ்வளவு அழகாகத் தீட்ட முடியாது. அதுதான் தாங்கவில்லை. இந்த நிலையிலும் அதுதான் தாங்கவில்லை.

"பாய், வேணாம். நிறுத்துங்க," என்றாள் பூங்காவனம்.

"ஒரே ஒரு சொட்டும்மா. கண்ணு மட்டும்தான் பாக்கி."

பிசின் கிண்ணத்தில் தூரிகை தோய்ந்து எழுந்தது. நுனியில் ஒரு துளி தொங்கியது. சன்னலையும், மாலை வெயிலையும், வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும் பூங்காவனத்தையும் தலைகீழாகத் தன்னுள் ஏந்திக்கொண்டு, அது இறங்கி வந்தது. அருகே. இன்னும் அருகே.

பரந்தாமன் கண்ணை மூட முயன்றது.

இமையை யாரும் வரைந்திருக்கவில்லை.